ஆசாரியும் பிக்ளர் முக்கோணமும்

ரெண்டு குட்டி ஏணியை உச்சியில சேர்த்து நிறுத்தினா, அதான் பிக்ளர் முக்கோணம். ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்ளர் பேரு அது. தவழுற பிள்ளைங்க ஏறிப் பழக. ஒன்றரை வயசு அக்கா மகள் நடைவண்டியை விட்டுட்டு ஜன்னல் கம்பியில தொங்க ஆரம்பிச்சதால, குற்றாலத்துக் கடைகள்ல தேடினேன். சொப்பு சாமான் இருக்கு, இது இல்லை. தென்காசியில ஒரு ஆசாரிகிட்ட வரைஞ்சு காட்டினேன்.

"படிக்குப் படி அரையடி விட்டுருவோம் தம்பி."

"வேண்டாம் அண்ணாச்சி, 8 செ.மீ.தான்."

ஏன்னா 9 செ.மீ.க்கு மேல, 23 செ.மீ.க்குள்ள இடைவெளி இருந்தா, காலும் உடம்பும் நுழைஞ்சிரும், தலை மாட்டிக்கும். கழுத்து நெரிஞ்சு உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய விளையாட்டுச் சாதனத் தரம் இ.என். 1176 கவனிக்கிற அளவும் இதுதான். கேட்டதும் மனுஷன் வேற பேச்சே பேசலை. தேக்குல கம்பு கடைஞ்சு, துளை போட்டு இறக்கி, பெயின்ட் இல்லாம உப்புத்தாள் தேய்ச்சுக் கொடுத்தார். கடைசியா அவரே ஏறி நின்னார். (லோட் டெஸ்டிங்!)

வீட்டுல அம்மாதான் பிரச்சினை. "ஏல, புள்ளைய உச்சில தூக்கி வையேம்ல!" அதைத்தான் செய்யக்கூடாது. 1946-லேர்ந்து புடாபெஸ்ட்ல லோட்சி தெரு குழந்தைகள் இல்லத்தை நடத்தின பிக்ளர், தானா எட்டாத நிலையில குழந்தையை வைக்காதீங்கன்னுதான் சொன்னாங்க. தானா ஏறினாத்தான் இறங்கவும் தெரியும். இப்போதைக்கு ரெண்டு படி ஏறுறா, யோசிக்கிறா, இறங்கிடுறா. அம்மா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே நிக்காங்க.