மலைக்கு ஓடிப்போன மருமகள்!

"என்ன சார், ஞாயித்துக்கிழமையானா உங்க வீட்டம்மா விடியறதுக்கு முன்னாடியே ஓடிப்போயிடுறாங்களாமே?"

எதிர்வீட்டுக்காரர் என் கணவரிடம் கேட்டது. கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "ஆமா சார். ஆனா எட்டரைக்கெல்லாம் திரும்பி வந்துடுவா" என்றார் இவர். தெருவில் எனக்குப் பெயர் நிலைத்தது இப்படித்தான்.

எனக்கு வயது 44. மதுரை பழங்காநத்தத்தில் வீடு. ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நாற்காலிதான் கதி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தால் வயிற்றுவலி வரவழைத்துக்கொண்ட ரகம் நான். ஓட்டத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான்.

போன தை மாதம் கடைப் பக்கத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. 6.5-ஐத் தொட்டால் நோயே. "இப்பவே முழிச்சுக்கிட்டா மாத்திரை இல்லாமலே தப்பிக்க வாய்ப்பு இருக்கும்மா" என்றார் டாக்டர்.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபோது என் அம்மாவின் இடது கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரையில் அம்மாவுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். செருப்புக் கடித்த சின்னப் புண்ணில் தொடங்கியது அது. வலியே தெரியாததால் பத்து நாள் கவனிக்காமல் விட்டிருந்தார். அதற்குப் பிறகு அம்மா வாசல் தாண்டியது குறைவு.

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். மைதானத்தில் வட்டமடிப்பது நான்கே நாளில் சலித்துவிட்டது. தெருவில் நடந்தால் நாய்கள், லாரிப் புகை, "என்ன, சுகரா?" என்ற விசாரிப்புகள். விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் கடையில் கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள், "அக்கா, ஞாயித்துக்கிழமை எங்களோட சமணர் மலைக்கு வாங்க. நாங்க நாலு பேர் அங்கதான் ஓடுறோம்."

மலையில் ஓடுவதா? அதற்கு 'ட்ரெயில் ரன்னிங்' என்று பெயராம். தார் ரோடு இல்லாமல், மண்பாதை, பாறை, மேடு பள்ளம் என்று எது வந்தாலும் அதன் மேல் ஓடுவது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் போனேன்.

கீழக்குயில்குடிக்கு எங்கள் வீட்டிலிருந்து டூவீலரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலையடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள். விழுதுகளுக்கு நடுவே இன்னும் முழுசாக வெளிச்சம் வராத ஆறு மணி. மதுரையில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு இந்தப் பக்கமே வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடிவாரத்து மண்பாதையில் ஓட ஆரம்பித்து 200 அடி கூடப் போயிருக்க மாட்டேன். நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அந்தப் பெண் நிறுத்தச் சொன்னாள். "ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியணும் அக்கா. பேச முடியலைன்னா வேகம் அதிகம். நடங்க. மூச்சு வந்ததும் மறுபடி ஓடுங்க." இந்தப் பேச்சுச் சோதனைதான் நான் கற்ற முதல் பாடம். தனியாக என்ன பேசுவது? மளிகைச் சாமான் சீட்டைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். "துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து ரெண்டு கிலோ, வரமிளகாய்..." மிளகாய்க்கு மேல் மூச்சு வராது. உடனே நடை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. செங்குத்தான ஏற்றத்தில் பழகிய ஓட்டக்காரர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள். மலையில் நடந்தால் யாரும் நம்மைக் கேவலமாகப் பார்ப்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் என்றும் யாரும் கேட்பதில்லை, எத்தனை நேரம் என்றுதான் கேட்கிறார்கள். ரோட்டில் ஓடும் இரண்டு கிலோமீட்டரும் பாறையில் போகும் இரண்டு கிலோமீட்டரும் ஒன்றில்லையே!

படிகள் ஏறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனோம். பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துகள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே யாரும் ஓடுவதில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். ஓடத் தோன்றவும் இல்லை. கீழே தாமரைக் குளம் ஒரு பச்சைத் தட்டு மாதிரி தெரிந்தது. எனக்கு யாருமே எதுவும் கேட்காத பத்து நிமிடம் அது. 'அம்மா, என் சாக்ஸ் எங்கே?' இல்லை, 'டிபன் என்ன?' இல்லை.

செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியவில்லை. திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தேன், மறுநாள்தான் தொடை முன்பக்கம் கட்டையாகிவிட்டது. இதற்குக் காரணம் ஏற்றம் இல்லை, இறக்கமாம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் உண்டாகும் நுண்ணிய சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்து வலியாக வருகிறது. நான்கைந்து வாரத்தில் பழகிவிடும். அதுவரை எங்கள் வீட்டு இந்தியன் டாய்லெட்டில் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

வலியைவிடப் பெரிய பிரச்னை ஞாயிற்றுக்கிழமையேதான். நம் வீடுகளில் ஞாயிறு என்றால் யாருக்கு விடுமுறை என்று உங்களுக்கே தெரியும். கறி வாங்கி, கழுவி, அரைத்து, குழம்பு வைத்து, வாரத் துணிகளைத் துவைத்து, அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு... இவர் "போயிட்டு வா" என்றார். ஆனால் அந்தப் 'போயிட்டு வா'வுக்குப் பின்னால் "டிபனுக்கு என்ன?" என்பதும் இருந்தது. மகள் ப்ளஸ் ஒன், அவள் தூங்குவாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. 71 வயது மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்தே எனக்குத் தூக்கம் போனது.

அதனால் குற்றவுணர்ச்சியைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை இரவு பதினோரு மணி வரை நின்று மசாலா அரைத்து, துணி ஊறவைத்து, காலை டிபனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் படுப்பது. நான்கரைக்கு எழுவது. மலையில் இருந்துகொண்டே மணி பார்ப்பது.

ஏழாவது வாரம் அதற்குப் பலன் கிடைத்தது. ஏழரை ஆகிவிட்டது, கறிக்கடையில் நல்ல கறி தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் வேகமாக இறங்கினேன். பாறை மேல் சரளை. என் காலில் இருந்தது நாலு வருடமாக மார்க்கெட்டுக்குப் போட்டுத் தேய்ந்த ஷூ. வலது கால் வழுக்கி, கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. 'சடக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ரப்பர் செருப்போடு அந்தச் சரிவில் மளமளவென்று வந்தார். "கையப் புடி தாயி" என்று தூக்கி, தன் கம்பைக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் இறங்கக்கூடிய தூரத்தை நாங்கள் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் ஓட்டம் கூடாது. இவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினார். "இந்த வயசுல மலை எதுக்கு? மொட்டை மாடியில நடந்தா ஆகாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று இரவு அத்தை உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டாக்டர் கட்டிய கட்டு இருக்கிறது என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக என் ஓட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"எறங்கையில காலை எப்பிடித்தா வச்ச?"

அத்தை மேலூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் விறகுக்கு மலை ஏறியவர். பிறகும் வருடம் தவறாமல் அழகர் மலையில் ராக்காயி அம்மன் தீர்த்தத்துக்கு நடந்தே போயிருக்கிறார், இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு. இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் நடித்துக் காட்டினேன். எட்டி வைத்தேன், உடம்பைப் பின்னால் சாய்த்தேன் என்று.

"அதான். பயந்து பின்னால சாஞ்சா வழுக்கத்தான் செய்யும். முழங்காலை லேசா மடக்கி, உடம்பைக் காலுக்கு நேரா வச்சுக்க. குட்டிக் குட்டி எட்டா வையி. ஏறையில மூச்சைப் பாரு, எறங்கையில காலைப் பாரு. உனக்கு என்ன அம்புட்டு அவசரம்?"

"கறிக்கு நேரமாச்சு அத்தை..."

"கறி எங்கேயும் ஓடிறாது."

சொல்லிவிட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய்யா, வர்ற வாரத்துல இருந்து கறி நீதான் வாங்கிட்டு வர்ற. பக்குவம் நான் சொல்றேன்."

முதல் வாரக் குழம்பில் உப்பு ஒரு கை அதிகம். யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது நன்றாகவே வைக்கிறார், என்னைவிடக் காரம் தூக்கல்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போனபோது அந்தப் பெண்ணிடம் அத்தை சொன்னதைச் சொன்னேன். "அக்கா, இதைத்தான் பயிற்சியாளர்களும் சொல்லித் தர்றாங்க" என்று சிரித்தாள்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காக நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலதைச் சொல்லிவிடுகிறேன். ஷூவில் கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் பல் பல்லாகப் பிடிமானம் உள்ளதாக, வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துவிடும். ஓடிவிட்டு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் இருக்கிறதா என்று. சர்க்கரை உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது. என் அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். நான் இடுப்புப் பையில் கடலைமிட்டாய் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் ஏழரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள், பாறை அடுப்பாகிவிடும். மழை பெய்த மறுநாள் பாறைப் பக்கமே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் யார் அழைத்தாலும் சரி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நம் பக்கத்து மாவட்டத்தில்தான். இப்போது அரசே 2024-லிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

கார்த்திகையில் மறுபடி ரத்தம் பார்த்தேன். 5.8. இன்னும் கோட்டுக்கு மேலேதான். ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது, குட்டிக் குட்டி எட்டாக.

மார்கழியில் ஒரு ஞாயிறு, "எங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போத்தா" என்றார் அத்தை. மகளையும் எழுப்பிக் கிளப்பி நால்வருமாக அரிட்டாபட்டிக்குப் போனோம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துச் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் திரண்டதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அத்தையின் சொந்தக்காரர்களும் அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள்தான்.

மலைச் சரிவில் நான் என் புது ஷூவோடு பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை ரப்பர் செருப்போடு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மகள் செல்போனை மறந்து வானத்தில் வட்டமடித்த ஒரு பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எல்லோருக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒரு வாக்கியம் பேசுங்க பார்ப்போம்" என்றேன் இவரிடம். கையை மட்டும் அசைத்தார்.

ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது அத்தை குனிந்து என் வலது காலைத் தூக்கி, ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஏத்தா, இந்த மாதிரிப் பல்லு வச்சது என் காலு அளவுக்குக் கிடைக்குமா?"