சேதனமும் மரபணுவும் எங்கள் சாமான் பட்டியலும்

சேதன உணவு, மரபணு மாற்றிய உணவு என்ற இரண்டு சொற்களும் எங்கள் வீட்டுச் சாமான் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டன. ஒன்றின் மீது ஆசை. மற்றதன் மீது பயம். இரண்டுக்கும் விலை கொடுப்பது வாப்பாவின் சம்பளம்தான்.

செயற்கை இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் இன்றி விளைவது சேதன உணவு. ஆய்வுகூடத்தில் மரபணுவை மாற்றிய விதையிலிருந்து விளைவது மற்றையது. சேதனச் செய்கையில் அத்தகைய விதைக்கு இடமில்லை. அதற்காக, சேதன முத்திரை இல்லாததெல்லாம் மரபணு மாற்றியது என்றாகிவிடாது.

‘ரெட் லேடி’ பப்பாசி மரபணு மாற்றிய பழம் என்று யாரோ சொல்லக் கேட்டு, உம்மா அதை வாங்குவதையே விட்டிருந்தார். உண்மையில் அது மகரந்தச் சேர்க்கையால் பெற்ற கலப்பினம். வைரசு நோயைத் தாங்கும் மரபணு மாற்றிய பப்பாசி வேறு. அது 1998இல் ஹவாயில் பயிருக்கு வந்தது. இதை விளக்கியதும், “அப்ப ஏன் மகள் நல்ல பழத்தை விடணும்?” என்றார் உம்மா.

பயப்படுவதைவிட வாசிப்பது நல்லது. மரபணு மாற்றிய உணவுக்கு லேபல் வேண்டும் என 2006இல் இலங்கையில் ஒழுங்குவிதி வந்தது. உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றியதே. ஆகவே சோயா மீட் பைக்கற்றில் ஹலால் முத்திரையைத் தேடும் கண் அந்த வரியையும் தேடட்டும்.

எல்லாவற்றையும் சேதனமாக வாங்க எங்களால் முடியாது. பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை மட்டும் முற்றத்துச் சாடியில் மாட்டெரு இட்டு வளர்க்கிறோம். மற்ற மரக்கறிகளைச் சந்தையில் வாங்கி, ஓடும் நீரில் நன்றாகக் கழுவிச் சமைக்கிறோம். மிஞ்சும் காசு தம்பியின் முட்டைக்கு.