கரடிகளை மறைத்துவிட்டுப் பார்த்தால்

சித்திரப் பாடத்தில் தூரத்தைக் காட்ட நாங்கள் பழகினது ரெயில் தண்டவாளத்தாலதான். இரண்டு கோடுகள் போய் அடிவானத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும். பக்கத்தில் நிற்கிற கம்பங்கள் சின்னதாகிக்கொண்டே போகும். ஆனால் அடர்ந்த காட்டுக்குள் தண்டவாளமும் இல்லை, அடிவானமும் தெரியாது. அங்கே தூரத்தை எதைக்கொண்டு வரையிறது?

வெளிச்சத்தைக்கொண்டு எண்டு காட்டினவர் ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கின். 1889இல் வந்த ‘பைன் காட்டில் காலை’ என்ற ஓவியத்தைப் பாருங்கள். முன்னால் முறிந்து விழுந்த ஒரு பெரிய பைன் மரம். அதன் பட்டை, கிளை எல்லாம் துலக்கமாகத் தெரியும். அதற்குப் பின்னால் போகப் போக மரங்கள் விவரத்தை இழந்து, வெளிறி, நீலச்சாம்பல் மூடுபனிக்குள் கரைந்துவிடும். எங்களுக்கும் மரத்துக்கும் இடையில் ஈரக்காற்று கூடக் கூட நிறம் மங்கும். அந்த மங்கல்தான் இங்கே தூரம். சூரியனைக் காணேலாது. பின்னால் நிற்கிற மரங்களின் உச்சியில் மட்டும் பொன்நிறம் விழுந்திருக்கும். நிலம் இன்னும் விடியவில்லை. முன்மரங்களின் தலையை ஓவியத்தின் மேல்விளிம்பு வெட்டிவிடுவதால், காட்டை வெளியில நிண்டு பார்க்கிற மாதிரி இல்லை, உள்ளுக்க நிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் பலருக்கு இது கரடிப் படம்தான். சோவியத் காலத்து சொக்லேட் உறை ஒன்றிலும் இந்தக் கரடிகள் இருந்தன. அவற்றை வரைந்தவர் ஷிஷ்கின் இல்லை, அவரது நண்பர் கொன்ஸ்தாந்தீன் சவீத்ஸ்கி. ஓவியத்தில் இரண்டு பேரின் கையொப்பமும் இருந்தது. ஓவியத்தை வாங்கிய பாவெல் த்ரெத்தியாகோவ், சவீத்ஸ்கியின் கையொப்பத்தை அழிப்பித்தார். காடு முழுக்க ஷிஷ்கினின் கைதானே எண்டு அதற்கு நியாயம் சொல்லலாம்.

அந்த நியாயம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. போன் திரையில் கரடிகளை விரலால மறைச்சுப் பாருங்கள். அந்த மரம் எவ்வளவு பருமன் எண்டு சொல்ல ஒரு அளவே இருக்காது. வலப்பக்கத்தில் ஒரு குட்டி, முறிந்த மரத்தில் ஏறி நிமிர்ந்து நிக்குது. அதின்ர பார்வை போகிற பக்கம்தான் எங்கட கண்ணும் மூடுபனிக்குள்ள போகுது. அப்படியெண்டால் இந்த ஓவியத்தின் ஆழத்தில் சவீத்ஸ்கிக்கும் பங்கு இருக்குத்தானே?

மொஸ்கோவின் த்ரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இன்றைக்கும் அந்த ஓவியத்தில் ஒரு கையொப்பம்தான். கூட்டாக வேலை செய்கிற ஆக்கள் நாங்கள். அதனால் இதை எழுதாமல் விட ஏலவில்லை. இந்தப் படத்தை ஆருக்கும் அனுப்பினால் இரண்டு பேரையும் எழுதி அனுப்புங்கள்.