பூட்ஸ் தைத்தவரும் போருக்குப் போனவர்தான்

ராணுவப் பதக்கம் கேட்டு மனு எழுதுவது நம் வேலையா? சில மாதங்களாகத் தோழர்கள், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள், எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. சாதிச் சான்றிதழ், பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, பனியன் கம்பெனியில் பிடித்த பி.எஃப். பணம் என்று எத்தனையோ மனுக்கள் காத்துக் கிடக்கும்போது ஒரு துண்டு உலோகத்துக்கு எதற்கு இத்தனை அலைச்சல் என்கிறார்கள். அதிலும் ஈழத்துக்குப் போன படையின் பதக்கம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது.

மனு ஒரு முன்னாள் படைவீரருடையது. அவிநாசிப் பக்கம் ஓர் அருந்ததியர் காலனியில் பிறந்தவர். 1981இல் 18 வயதில் படையில் சேர்ந்து, 1998இல் சிப்பாயாகவே வெளியே வந்தவர். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவு வாட்ச்மேன். ராணுவத்தில் அவருக்குக் கிடைத்த ட்ரேட், பூட்ஸும் பெல்ட்டும் கூடாரத் துணியும் தைப்பது. ஆள் எடுத்த இடத்தில் சாதியைக் கேட்டார்களாம். பதிலைக் கேட்டதும் அந்த வரிசையைக் கை காட்டினார்களாம். "17 வருசம் ஊசியும் நூலும்தான் தம்பி நம்ம ஆயுதம். ஆனா துப்பாக்கியும் கொடுத்தாங்க, சுடவும் பழக்குனாங்க. செத்தா எல்லாருக்கும் ஒரே பொட்டிதானுங்களே" என்பார்.

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைத் தொடர்ந்து இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு இவரையும் அனுப்பினார்கள். இவருடைய யூனிட் இந்தியாவிலேயே இருந்தது. தையல் வேலைக்கு ஆள் இல்லாத வடக்கத்திப் பட்டாலியன் ஒன்றோடு இவரை மட்டும் தற்காலிகமாகச் சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். 11 மாதம் இருந்தார். காய்ச்சலோடு சென்னை ராணுவ மருத்துவமனைக்குத் திரும்பினார். இலங்கைக்குப் போன படையினருக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் உண்டு. 1986இல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பதக்கத்தின் பட்டியில் 'ஸ்ரீலங்கா' என்று பொறித்திருக்கும். இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கப் பக்கத்தைத் திறந்தால் 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம் ஒன்றுதான் இருக்கிறது. இலங்கை இல்லை. 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் உரிய விடுதலைப் பொன்விழாப் பதக்கமும் இல்லை.

எப்படி விடுபட்டது? படையில் ஒருவருடைய இடமாற்றம், விடுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, கல்யாணம், குழந்தை எல்லாமே 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியாக வேண்டும். அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போய்ச் சேவைப் பதிவேட்டில் ஏறினால்தான் அந்தச் சம்பவம் நடந்ததாகக் கணக்கு. இவரை அனுப்பிய யூனிட், அங்கே எழுதிக்கொள்வார்கள் என்று விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்ட யூனிட், இவர் நம் ஆள் இல்லையே என்று விட்டிருக்கலாம். சதி என்று நாங்கள் சொல்லவில்லை. கவனக்குறைவு யார் மேல் வந்து விழுகிறது என்பதைத்தான் கேட்கிறோம். பட்டாலியனின் துப்பாக்கிக்காரர்களுடைய வரி ஒட்டுமொத்தமாக ஏறிவிடும். தனியாக அனுப்பப்பட்ட தையல்காரர், சமையல்காரர், துப்புரவுக்காரர், முடிதிருத்துபவர் ஆகியோரின் வரி தனித்தனியாக ஏற வேண்டும். அது ஏறாமல் போனால் கேட்பதற்கு ஆளில்லை.

பதக்கத்தில் வேலைப் பிரிவினை நுழைந்த கதை பழையது. 1890களின் எல்லைப்புறப் போர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த இந்தியப் பதக்கத்தில் சண்டையிட்டவருக்கு வெள்ளி. சுமை தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், கழிவு அள்ளியவர் ஆகிய 'ஃபாலோயர்'களுக்கு வெண்கலம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் அதே முறைதான். லட்சக்கணக்கான படைவீரர்களுக்கு வெள்ளியில் வந்தது. இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினர் உள்ளிட்ட சுமார் 1,10,000 பேருக்கு வெண்கலத்தில் வந்தது. குண்டு விழுந்தபோது அது வெள்ளிக்காரர் யார், வெண்கலக்காரர் யார் என்று பார்த்து விழவில்லை. கழிவு அள்ளும் வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ராணுவத்துக்கு மனு எழுதுவது நம் அரசியலுக்குப் புதிதும் அல்ல. 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் சண்டையின் நினைவுத் தூணில் மகர் வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். இடையில் என்ன நடந்தது? சில சாதிகள் மட்டுமே 'போர்க்குணம் கொண்டவை' என்ற கொள்கை பிரிட்டிஷ் ராணுவத்தில் வேரூன்றி, 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியச் செயலருக்கே மனு அனுப்பினார். மகர் ரெஜிமெண்ட் 1941இல்தான் உருவானது. தலித் அரசியலின் முதல் காகிதங்களில் சில, ராணுவ ஆவணத்திலிருந்து அடித்துவிடப்பட்ட பெயரைத் திரும்ப எழுதச் சொன்ன காகிதங்கள்.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். 'போர்க்குணச் சாதி'க் கொள்கையின் பெரிய ஆதரவாளரான ராபர்ட்ஸ், 1881 முதல் 1885 வரை இங்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். அதன் பிறகு தென்னாட்டுக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. பறையர் சமூகத்தவர் பணிபுரிந்த சென்னை பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. பொறியாளர் படையான சென்னை சாப்பர்ஸில் இருந்த பறையர்கள், 'அரசியின் சொந்த சாப்பர்' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கிக் 'குயின்சாப்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஊர் கொடுத்த பெயர் வேண்டாம், வேலை கொடுத்த பெயர் போதும் என்ற முடிவு அது. பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெளிநாடுகளில் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இருந்தார்கள். போர் முடிந்தபோது உயரிய மெடல் ஆஃப் ஆனர் பதக்கம் அவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. 1993இல் தொடங்கிய ஆய்வு, இனப்பாகுபாடுதான் காரணம் என்றது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். அதே நாட்டில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்தன. அதற்காகக் கோரிக்கைகளைத் தள்ளிவிடாமல், சம்பளச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு போன்ற மற்ற காகிதங்களை வைத்துப் பதிவை மறுபடி கட்டியெழுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு, முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லும் நினைவே இல்லை என்று ஒப்புக்கொண்டது.

இனி ஈழத்துக் கேள்வி. அமைதிப்படை அங்கே செய்ததை மறைக்க எங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவர்களையும் செவிலியர்களையும் நோயாளிகளையும் கொன்றது அந்தப் படைதான். படையினரில் சுமார் 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. திரும்பியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டின் கோபம் அது. எங்களுக்கும் அந்தக் கோபம் உண்டு.

ஆனால் இவர் சொன்ன ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பட்டாலியனில் தமிழ் தெரிந்த சிலரில் இவர் ஒருவர். அதனால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்கவும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். "பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, எங்க வச்சிருக்காங்கன்னு கேளு ராசான்னு ஒரு அம்மா அழுதாங்க. நான் இந்தியில கேட்டேன். அவன் சொன்ன பதிலை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுங்க? தெரியலையாமா, நாளைக்கு வாங்கன்னு சொன்னேன்." இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

சிறப்புச் சேவைப் பதக்கம், அந்தப் போர் சரியானது என்பதற்கான சான்றிதழ் அல்ல. இன்னார் இன்ன காலத்தில் அங்கே இருந்தார் என்பதற்கான பதிவு. அங்கே யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலே பொய்யாக இருந்தால், அங்கே நடந்ததை யாரிடம் போய்க் கேட்பது? அந்த அம்மாவின் கேள்விக்கும் ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி அங்கே போகவே இல்லை என்கிறது அரசின் காகிதம். சரியான பதிவைக் கேட்பதில் இவருடைய நியாயமும் ஈழத் தமிழருடைய நியாயமும் ஒன்றோடொன்று மோதவில்லை.

காசு வருமா என்றும் கேட்டீர்கள். வராது. வீரதீரப் பதக்கங்களுக்குத்தான் மாதப் படி உண்டு. சேவைப் பதக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இவருக்கும் அது தெரியும். "ஊர்ல இன்னும் நான் செருப்புத் தைக்கப் போனவன்தான் தம்பி. பட்டாளத்துக்குப் போனவன்னு காகிதமாச்சும் சொல்லட்டும்" என்றார். நாட்டுக்காகப் படையில் இருந்தோம், ஆகவே மரியாதை கொடு என்று நாம் கேட்கவில்லை. படைக்கே போகாதவருக்கும், ஊரை விட்டே வெளியே வராதவருக்கும் அதே மரியாதை உண்டு. நாங்கள் கேட்பது, செய்த வேலையைச் செய்ததாக எழுது என்பதைத்தான்.

இனி வேலை முறை. உங்களில் யாரேனும் நாளை இதைச் செய்ய வேண்டி வரும். முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நகல் எடுங்கள். பெயர், ஊர், மாவட்டம் மூன்றும் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இவருடைய புத்தகத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றிருக்கிறது. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் பிறந்தது. இந்தச் சின்ன வேறுபாட்டுக்கே கடிதம் திரும்பி வரும். ஆகவே முதல் கடிதத்திலேயே அதை விளக்கிவிடுங்கள். பிறகு அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு, படை எண்ணோடு, எந்தப் பதக்கம், எந்தக் காலம், எந்த யூனிட் என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு பிரதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் போகட்டும்.

பதிவு ஏதும் இல்லை என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு, அவருடைய சேவைக்கால பார்ட் டூ ஆர்டர்களின் சான்றளித்த நகல்களைக் கேளுங்கள். மனுவில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். வேறொருவர் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. அதன் பிறகு முதல் மேல்முறையீடு, அடுத்து மத்தியத் தகவல் ஆணையம். கடைசிப் படியாக, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெட்டியைத் தேடுங்கள். பெரியவருடைய மனைவி சேலைக்கடியில் பத்திரப்படுத்தியிருந்த சென்னை மருத்துவமனைச் சீட்டில், எங்கிருந்து அனுப்பப்பட்டார் என்ற கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிறது. பதிவேடு மறந்ததைக் காய்ச்சல் சீட்டு சொல்கிறது. பொன்விழாப் பதக்கத்துக்கு உரியவர்தான் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. இலங்கைப் பதக்கம் பரிசீலனையில் இருக்கிறதாம். அது வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவோம்.

திருப்பூரில் இந்தப் படிப்பு ராணுவத்தோடு நிற்காது. இந்தப் பெரியவருக்காவது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. அவர் காவல் காக்கும் கேட்டுக்குள் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் 20 வருடம் நின்ற நம் அக்காக்களில் பலரிடம் வேலைக்குச் சேர்ந்த கடிதம்கூடக் கிடையாது. பி.எஃப். கணக்கில் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பணம் நிற்கும். பிறந்த தேதி மாறினால் பென்ஷன் நிற்கும். ராணுவமோ கம்பெனியோ, எழுதும் இடத்தில் நம் ஆட்கள் இல்லாதவரை விடுபடுவது நம் வரியாகத்தான் இருக்கும்.

ஆகவே தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் யார் யார் என்று கேளுங்கள். சமையலுக்குப் போனவர், துணி வெளுக்கப் போனவர், கழிவறை கழுவப் போனவர் எல்லாரையும் சேர்த்தே கேளுங்கள். அவர்களுடைய பதக்கப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.