மூன்றும் நான்கும்

வன்னியம்பட்டியில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின், "நன்னா, அரபி ஓதத் தெரிந்தபின் தமிழ் எதற்கு?" என்று பேத்தி வினவினாள்.

விடை கூறாது, எண்ணுப் பெயர்களின் எழுத்துகளை எண்ணச் சொன்னோம். 'ஏழு' இரண்டெழுத்து, 'இரண்டு' நான்கெழுத்து, 'நான்கு' மூன்றெழுத்து, 'மூன்று'ம் மூன்றெழுத்தே. ஒன்று முதல் பத்துவரை எதில் தொடங்கினும், இவ்வாறே சென்று மூன்றில் நின்றுவிடுகிறது. அரபியிலோ, பெண்பாற் பெயரோடு வரும் 'அர்பஃ' அலிஃப், ரா, பா, ஐன் என நான்கெழுத்து, பொருளும் நான்கு! ஆங்கிலத்து 'ஃபோர்' என்பதற்கும் எழுத்து நான்கே.

இதனால் எம்மொழியும் உயர்ந்துவிடாது, தாழ்ந்தும்விடாது. மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே அர்ரூம் அத்தியாயத்தில் (30:22) இறைவன் அறிவிக்கின்றான்.

அன்றிரவு பேத்தி இரு மொழிகளிலும் விரல் மடக்கி எண்ணியவாறே உறங்கிப்போனாள். 'எதற்கு' என்று மீண்டும் கேட்கவில்லை.