பிழைப் பத்தி இல்லாத பேரேடு

இலத்தீனின் வழிவந்த சிற்றூர்ப் பேச்சுகளைப் பிரெஞ்சுப் பள்ளிகள் கொச்சை என்று ஒதுக்கிய காலம் அது. எட்மோன் என்பவர் 1897 முதல் 1901 வரை 639 ஊர்களில் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளைக் காதில் விழுந்தவாறே எழுதினார். ஜில்லியேரோன் அவற்றை நிலப்படங்களாக்கினார். பின்னர்த் துலூஸ் நகரத்து அறிஞர் செகி, கஸ்கோனி வட்டாரத்தின் அண்டை ஊர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை கூறுகள் வேறுபடுகின்றன என்று 1973இல் எண்ணிக் காட்டினார். தொலைவு கூடக் கூட வேறுபாடும் கூடியது. பேரேடுகளோடு பழகிய நம் கண்ணுக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அக்கணக்கில் 'பிழை' என்றொரு பத்தியே இல்லை. நெல்லையும் கோவையும் அண்டை வீடுகளாகிவிட்ட நம் குடியிருப்புகளில், பாட்டியின் சொல்லைக் கூசி மறைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்போம்.