மாமல்லபுரத்துக் கறுப்பு மணலும் காந்தத்துக்குள் இருக்கும் புதிரும்

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தாங்குவதுபோல ஒரு போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். காலடியில் கிடக்கும் மணலை யாரும் பார்ப்பதில்லை. அலை வாங்கிப்போன இடத்தில், கரியால் கோடு இழுத்ததுபோலக் கறுப்பு வரிகள் தெரியும். தெற்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைப் பக்கம் வரை ஆங்காங்கே இதைப் பார்க்கலாம். அழுக்கு இல்லை, கனமான தாதுக்கள். இலேசான மணலை அலை அள்ளிக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. முறத்தில் புடைக்கும் கதைதான்.

அடுத்த முறை பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாலித்தீன் கவரில் சுற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒட்டியதை உதறவே முடியாது! காய்ந்த கறுப்பு மணல்மேல் காட்டினால் சில துகள்கள் மீசைபோலக் குத்திட்டு நிற்கும். அது மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடு. இளஞ்சிவப்பு கார்னெட் அசையாது.

ஏன் ஒட்டுகிறது? இரும்பு அணுவில் உள்ள எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அந்தக் குணத்துக்குப் பெயர் ஸ்பின். 1925-ல் இதைச் சொன்னவர்கள் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய அதே டச்சு தேசத்துக்காரர்கள். ஆனால், எலெக்ட்ரானைப் பம்பரமாகக் கற்பனை செய்தால் அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். நடக்காத காரியம். அப்படியானால் ஸ்பின் எங்கிருந்து வந்தது?

1928-ல் பால் டிராக், குவாண்டம் விதிகளையும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலையும் ஒரே சமன்பாட்டில் சேர்க்கப் பார்த்தார். ஸ்பின்னை அவர் உள்ளே போடவே இல்லை. கணக்கு பொருந்த சாதாரண எண்கள் போதவில்லை. நான்குக்கு நான்கு கட்டம் கொண்ட அணிகள் தேவைப்பட்டன. அவற்றை வைத்ததும் ஸ்பின் தானாக வந்து நின்றது, எலெக்ட்ரானின் காந்த வலிமையையும் கையோடு கூட்டிக்கொண்டு.

இந்த அணிகளோடு மல்லுக்கட்டியவர் நம் ஊரிலும் இருந்தார். 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன், டிராக் அணிகளின் இலக்கணம் என்றே தலைப்பில் சொல்லி 1972-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஓ.எம்.ஆர். வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் தாண்டிப்போகும் தரமணியில்தான் அந்த நிறுவனம் இருக்கிறது.

ஸ்பின் சார்பியலின் பிள்ளை என்று பல பாடநூல்கள் எழுதிவிட்டன. அவசரப்பட வேண்டாம். 1967-ல் பிரான்ஸின் லெவி-லெப்லான், சார்பியலே கலக்காத ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை டிராக் பாணியில் பிரித்து எழுதிக் காட்டினார். அங்கேயும் ஸ்பின் வந்தது, அதே காந்த வலிமையோடு!

போவதென்றால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அலை பொல்லாதது, ஈர மணலைத் தாண்டி இறங்க வேண்டாம். பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள்.